கோவா என்ன பாவம் செய்தது?

ஞாயிற்றுக்கிழமை கல்லடியில் நடந்த அந்த ‘இயற்கை உணவு’ உரையைப் பற்றி வாய்திறக்காமல் இருந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால், சாப்பாட்டை மாற்றினால் மூன்று மாதத்தில் தைரொயிட் குளிசையை வீசிவிடலாம் என்று அங்கே சொல்லப்பட்டதை உறவுக்காரர் நால்வர் தனித்தனியே எனக்கு அனுப்பிவைத்த பிறகு, பொறுக்க முடியவில்லை.

எனக்கிருப்பது ஹஷிமோட்டோ நோய். 1912இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்த இந்நோயில், உடலின் எதிர்ப்புச் சக்தியே கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியைச் சிதைக்கிறது. சிதைந்த சுரப்பி சுரக்காத ஹோர்மோனை எந்தக் கீரையும் சுரந்து தராது, குளிசைதான் தரும்.

அப்படியானால் உணவுக்கு வேலையே இல்லையா என்பீர்கள். இருக்கிறது, மேடையில் சொன்ன வேலையல்ல. விடியற்காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு குளிசையை விழுங்கிவிட்டு, தேத்தண்ணிக்கு ஒரு மணித்தியாலம் காத்திருக்கிறேன். இரும்புச்சத்துக் குளிசையையும் அதே மிடறில் விழுங்கிவந்த ஒரு வருடம் முழுவதும் என் டீ.எஸ்.எச். (தைரொயிட் ஹோர்மோன் குறைந்தால் இரத்தத்தில் ஏறிக் காட்டும் அளவு) இறங்கவேயில்லை, கிளினிக்கில் ஒரு தாதி ‘4 மணித்தியாலம் கழித்து’ என்று கொப்பியில் சிவப்பு மையால் எழுதித் தந்த பின்னரே இறங்கியது.

உரை முடிந்ததும் விற்கப்பட்ட, அயடீன் நிறைந்த கடற்பாசித் தூளைப் பற்றியும் சொல்லவேண்டும். இலங்கையில் 1995இலிருந்து உப்பில் அயடீன் சேர்க்கப்படுகிறது, கடல்மீனும் நம் சட்டியில் குறைவில்லை. இதற்கு மேலும் அயடீனைக் கொட்டினால் இந்நோய் மோசமாகவும் கூடும். கோதுமை மாவை விட்டதால் உடம்பு இலேசானது என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. கோதுமையிலுள்ள குளூட்டன் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் உள்ளவர் கட்டாயம் விடத்தான் வேண்டும், மற்றவர்கள் விரும்பினால் விடுங்கள். குளிசையை மட்டும் விடாதீர்கள்.

மருந்துக் கம்பனிக்கு வக்காலத்து வாங்குகிறேனாம். அரசாங்க கிளினிக்கில் காசில்லாமல் கிடைக்கும் குளிசைக்கு வக்காலத்து வாங்கி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? தூள் போத்தலுக்குத்தான் விலை போட்டிருந்தார்கள்.

உண்மையில் என்னைச் சுடுவது தூளல்ல, ‘வாயைக் கட்டாததால் வந்த வருத்தம்’ என்ற பேச்சு. தைரொயிட் நோய்க்கு ஆகாது என்று சொல்லப்படும் கோவாவை (முட்டைக்கோசை) அவித்து அளவாகச் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது என்று மருத்துவர் சொன்னதை வீட்டில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இருந்தும் போன மாதக் கல்யாண வீட்டில், என் தட்டிலிருந்த கோவாச் சுண்டலை மாமி எல்லோருக்கும் முன்னால் கரண்டியால் வழித்தெடுத்து, “உனக்கு இது கூடாது பிள்ளை” என்றார். பக்கத்துக் கதிரையில் இருந்தவர்கள் என் கழுத்தைப் பார்த்தார்கள்.

அந்த உரையை எனக்கு முதலில் அனுப்பியவரும் மாமிதான்.