புத்தகத்தை வெளியிட்டால் போதுமா, அலமாரியில் வைக்க வேண்டாமா?

சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். குறுந்தொகை வேண்டுமா? மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் 1998இலிருந்து யார் யாரோ கண் வலிக்கத் தட்டச்சு செய்து ஏற்றி வைத்திருக்கிறார்கள். பழைய பதிப்பு வேண்டுமா? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பக்கம் பக்கமாகப் படமாகவே கிடக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் பாடியதைப் படுத்துக்கொண்டே திறன்பேசியில் படிக்கலாம். நான் தேடுவது அவ்வளவு பழசில்லை. என் அம்மா பள்ளிக்கூடம் போன காலம் தொடங்கி இங்கே மலேசியாவில் வந்த தமிழ் நாவல்களைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்றுதான் தேடுகிறேன். அதுதான் கிடைக்காது!

என் ஆய்வுக் கட்டுரை சயாம் மரண ரயிலைப் பேசும் மலேசியத் தமிழ் நாவல்கள் பற்றியது. 1942, 43இல் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட அந்த 415 கிலோமீட்டர்த் தண்டவாளத்துக்கு நம் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்கள் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. அதை நாவலாக ஆர். சண்முகம் எழுதினார், அ. ரெங்கசாமி எழுதினார். சரி, ஆங்கிலத் தரவுத்தளங்களில் தேடிப் பாருங்கள். பிரிட்டிஷ் கைதிகள், ஆஸ்திரேலியக் கைதிகள், அவர்களுடைய நாட்குறிப்பு, அவர்களுக்கு வந்த காலரா, அவர்கள் கட்டிய பாலம் என்று கட்டுரைகள் கொட்டுகின்றன. தோட்டத் தமிழன் ஏதோ ஓர் அடிக்குறிப்பில் 'ஆசியத் தொழிலாளர்' என்று எட்டிப் பார்ப்பான். அவனைப் பற்றிய நாவலை எவரும் தொட்டதாகத் தெரியாது. தொட்டவர்கள் தமிழில் தொட்டிருக்கிறார்கள், அது எந்தத் தரவுத்தளத்திலும் ஏறவில்லை.

அப்புறம் நூலகம். (எது என்று சொல்லப்போவதில்லை, படித்தவர்களுக்குப் புரியும்.) கணினியில் தமிழில் தட்டினால் 'முடிவுகள் இல்லை'. ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டுமாம். தட்டுகிறேன், அப்போதும் இல்லை. ஏன் தெரியுமா? அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வகுத்த ஒலிபெயர்ப்பு முறை ஒன்று இருக்கிறது. அதில் ச என்றால் எப்போதும் சி, க என்றால் எப்போதும் கே. அடையாள அட்டையில் எஸ், எச் போட்டுத் தொடங்குகிற சண்முகம் அங்கே சி போட்டுத் தொடங்குவார், நடுவில் ஜி வராது, கே தான் வரும். முறையில் குற்றமில்லை. எல்லாப் புத்தகத்துக்கும் அதே முறையில் பதிந்திருந்தால் ஒரு நாளில் பழகிக்கொள்ளலாம். ஆனால் ஒரு காலத்தில் பதிந்தவர் அந்த முறையில் பதிந்திருக்கிறார், அடுத்து வந்தவர் அட்டையில் இருந்த ஆங்கில எழுத்தை அப்படியே போட்டிருக்கிறார், இன்னொருவர் காதில் விழுந்தபடி மலாய் எழுத்துக்கூட்டலில் பதிந்திருக்கிறார். ஒரே எழுத்தாளருக்கு ஒரே கணினியில் மூன்று அவதாரம். ரெங்கசாமியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு அவர் கதாபாத்திரங்கள் மேலேயே பொறாமை வந்துவிட்டது, அவர்களுக்காவது எங்கே போகிறோம் என்று சொல்ல ஒரு கங்காணி இருந்தார்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. 'இருப்பில் உள்ளது' என்று பச்சையில் காட்டுகிறது. அலமாரிக்குப் போனால் இடம் காலி. முகப்பில் கேட்டால், "சிஸ்தெம் காத்தா அடா, டிக்." புத்தகம் இருப்பதாகத்தான் கணினி சொல்கிறதாம். அந்த அக்காவைத் திட்டிப் பயனில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, முதுகில் தமிழ் எழுத்து போட்ட புத்தகத்தை எந்த இடத்தில் திருப்பி வைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததும் இல்லை. தமிழ் தெரிந்த ஒரு நூலகரைப் போட வேண்டியவர்களைத்தான் திட்ட வேண்டும். அவர்கள் முகப்பில் உட்காருவதில்லையே.

பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. எந்த மேடையில் ஏறினாலும், "முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் நம் கோலாலம்பூரில் நடந்தது" என்று தொடங்குவார்கள். அதைக் கூட்டிய தனிநாயகம் அடிகள் பெயரைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவார்கள். அடிகள் ஆய்வாளர்களைத் திரட்டினார் ஐயா, கைத்தட்டலையா திரட்டினார்?

உண்மையில் என் கோபம் நூலகத்தின் மேல் பாதிதான். மீதி நம்மவர்கள் மேல். 1986லேயே சட்டம் இருக்கிறது, இந்த நாட்டில் வெளிவரும் நூலை தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று. சொந்தக் காசில் அச்சடிக்கும் நம் எழுத்தாளர் எத்தனை பேர் அனுப்புகிறார்கள்? வெளியீட்டு விழா மட்டும் தடபுடல். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் வருவார், மாலை, பொன்னாடை, முதல் நூலுக்கு ஒரு கனமான உறை, வரிசையில் நின்று படம். மீதிப் பெட்டிகள் எழுத்தாளர் வீட்டுக் கட்டிலுக்கடியில். அவர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஒலிபெருக்கியில் 'சுராட் காபார் லாமா' (பழைய நாளிதழ்) என்று கத்திக்கொண்டு லாரி வருமே, அதில் ஏற்றிவிடுவார்கள்.

விமர்சனங்களின் கதி இன்னும் மோசம். அவை பெரும்பாலும் நாளிதழ்களின் ஞாயிறு மலர்களில்தான் வந்தன. தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோனது. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக் குப்பையும் பொன்னும் அதில் கிடக்கின்றன, வீட்டிலிருந்து ஒரு சொல்லைத் தட்டித் தேட எனக்கு வழியில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் தேசிய நூலகம் தமிழ் முரசின் பழைய இதழ்களை மின்னாக்கி வைத்திருக்கிறது. மலாயாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள சிங்கப்பூர்க்காரர் பத்திரிகையைப் புரட்டுகிறேன்! போர் முடிவதற்கு முன்பே, 2005இல், ஈழத்தமிழர்கள் 'நூலகம்' என்ற மின்னூலக இணையதளத்தைத் தொடங்கிவிட்டார்கள். நமக்கு எந்தப் போர் தடுத்தது?

கடைசியில் எல்லோரும் சொல்லும் ஒரே வழி, "அந்த ஐயா வீட்டில் எல்லாம் இருக்கு, போய்க் கேளு." போனேன். ஓய்வு பெற்ற ஆசிரியர், தங்கமான மனிதர். கரையான் மிச்சம் வைத்த இதழ்களை விரித்துக் காட்டினார், தேநீரும் கொடுத்தார், அத்தனையையும் படமெடுத்து வந்தேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "இதற்கு இணைப்பு எங்கே? கடந்த 5 ஆண்டுக்குள் வந்த ஆய்விதழ்க் கட்டுரைகள் அல்லவா பாதிக்கு மேல் இருக்க வேண்டும்?" என்கிறார். மருத்துவத் துறைக்குப் போட்ட விதியை இலக்கியத்துக்கும் போட்ட புண்ணியவான் யாரோ! இந்த நாவல்கள் வந்தபோது எழுதப்பட்ட விமர்சனம் காலாவதியான மருந்தா?

இந்த விதிக்குப் பயந்து கூடப் படிக்கும் ஒருவர் ஏஐயிடம் கேட்டார். அழகான துணைநூல் பட்டியல் கொடுத்தது. ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண், எல்லாம் கச்சிதம். அதில் ஒரு கட்டுரைகூட உலகத்தில் இல்லை. அந்தப் பட்டியலுக்கு வகுப்பில் பாராட்டு வேறு.

நேற்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) இன்னொரு வெளியீட்டு விழா அழைப்பிதழ் வந்தது. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, முதல் நூல் பெறுபவர் என்று இரண்டு பக்கத்துக்குப் பெயர்கள். புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பதில் போட்டேன். கைகூப்பும் படம் ஒன்று வந்திருக்கிறது.