பாடு நல்லா இருந்தா பரோட்டா

எங்கள் கடற்கரைப் பக்கத்துக் கடை ஒன்றில் ஒரு தம்பி மீன் சாப்பாடு சாப்பிட்டுக் காட்டுகிறாரே, அந்தக் காணொளியை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன். ஓட்டிவிடாமல் முழுதாகப் பார்த்தேன். இனி யாரும் அனுப்ப வேண்டாம்.

அந்தத் தம்பி சாப்பிட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வயசுப் பிள்ளை, நன்றாகச் சாப்பிடட்டும். பாம்பன் பாலத்தை மேலே இருந்து காட்டினார், அழகாக இருந்தது. கடைக்காரருக்கும் நாலு பேர் கூடுதலாக வருவார்கள், வரட்டும். ஆனால் சீலா மீன் துண்டை வாயில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, "மக்களே, அம்மா கைப்பக்குவம், வீட்டு ருசி எல்லாம் சும்மா உருட்டு. இந்தக் கடக்கரைல இருக்குற வீடுகள்லகூட இப்படி ஒரு மீன் சாப்பாடு கிடைக்காது" என்றார் பாருங்கள், அங்கேதான் சுருக்கென்றது.

கிடைக்காதுதான் தம்பி. சத்தியமாகக் கிடைக்காது. அந்த மீன் எங்கள் வீட்டு வாசப்படி ஏறியதே இல்லை.

சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பீர்கள், நாங்கள் சீலா என்போம். என் அப்பா வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், மீன்பிடி தொழிலுக்குப் போனவர். சீலா பட்டால் அது கரையிலேயே வியாபாரி கைக்குப் போய்விடும். வலைக்கும் கயிற்றுக்கும் அவரிடம்தான் முன்பணம் வாங்கியிருப்போம். அவர் சொன்ன விலைக்குத்தான் மீன். விளமீன், பாறை, இறால் எல்லாமே அந்தக் கணக்கில் சேர்த்திதான். அதெல்லாம் போக, கறிக்கு என்று ஓலைப்பெட்டியில் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார். சூடை, காரல், சின்ன நகரை, எல்லாம் பொடி மீன். நண்டு என்றால் கால் போன நண்டு. முழு நண்டுக்கு எட்டுக் கால், இரண்டு கொடுக்கு என்று நான் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில்தான் தெரிந்துகொண்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பாதி உண்மை.

ஆக, எங்கள் வீட்டுச் சாப்பாடு என்பது விலைபோகாத மீன். கடைச் சாப்பாடு என்பது விலைபோன மீன். இரண்டையும் ஒரே தராசில் வைத்து இது பெரிசு, அது உருட்டு என்றால் எப்படி?

இந்தத் தம்பியை உட்காரவைத்து ஒரு தட்டு சூடைக் குழம்பு தரச் சொல்லுங்கள் அந்தக் கடையில். தரமாட்டார்கள். தர முடியாது. ஒரு ஆளுக்கு இருபது சூடையாவது வேண்டும். ஒவ்வொன்றையும் சொரசொரப்பான மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசிச் செதிலை எடுக்க வேண்டும், தலையைக் கிள்ளிக் குடலை உருவ வேண்டும். மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து ஆய்ந்தால் ஆறு பேருக்கு ஒரு வேளைக் குழம்பு. அதற்கு எந்த முதலாளி சம்பளம் கொடுப்பார்? அப்படியே வைத்தாலும், வெளியூர்க்காரர் முதல் வாயிலேயே முள் குத்திவிட்டது என்று சண்டைக்கு வருவார். சூடையில் முள் இருக்காது, முள்ளில் கொஞ்சம் சூடை இருக்கும். அதை நாக்கால் பிரித்துத் துப்பத் தெரிய வேண்டும். நாலு வயதில் பழக்கிவிடுவார்கள் எங்கள் பக்கம்.

அம்மா அதை வைக்கும் விதம் இதுதான். முண்டு மிளகாய், மல்லி, சீரகம், கொஞ்சம் தேங்காய் வைத்து அம்மியில் அரைத்து, புளித் தண்ணீரில் கரைத்து, உள்ளியும் பூண்டும் தட்டிப் போட்டு, சட்டியை அடுப்பில் ஏற்றுவார். கொதித்து, பச்சை வாடை போன பிறகுதான் மீன். மீன் விழுந்த பிறகு கரண்டி போடவே கூடாது. துணியால் சட்டியின் கழுத்தைப் பிடித்து ஒரு சுற்று, அவ்வளவுதான். தாளிப்பும் கிடையாது. எண்ணெய் வாங்கக் காசு இல்லாததால் வந்த பழக்கமா, அதுதான் பக்குவமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இப்போது எண்ணெய் இருக்கிறது. நானும் ஊற்றுவதில்லை.

முண்டு மிளகாய் என்றதும் ஞாபகம் வருகிறது. தம்பி "ராம்நாடு முண்டு மிளகாய்க் காரம், மக்களே" என்று ஒரு இடத்தில் உருகினார். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த மிளகாய், பெருமைதான். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மழையை நம்பி விதைத்து, வெயிலில் காயவைத்து எடுக்கிற சனத்துக்குத்தான் அந்தப் பெருமை சேர வேண்டும். ஆனால் அந்தத் தட்டில் தெரிந்த ஆரஞ்சுச் சிவப்பு செடியில் காய்ப்பதில்லை, பொட்டலத்தில் வருவது. சரி விடுங்கள்.

இன்னொன்று. இது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், எங்கள் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. முன்பு 45 நாள், 2017இலிருந்து 61. நாட்டுப்படகு மட்டும்தான் போய் வருகிறது. மேற்குக் கரையில் தடை ஜூன் 1இல்தான் தொடங்கும் என்பதால் இந்த மாதம் கேரளாவிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் இறங்குவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தச் சீலாவும் தம்பியைப் போலவே வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியாக இருந்திருக்கலாம். நாட்டுப்படகில் பட்டதாகவும் இருக்கலாம், தெரியாமல் பழி போட மாட்டேன். "காலையில பிடிச்சு மத்தியானம் தட்டுல" என்று அடித்துச் சொல்லும் முன் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது வருவீர்கள். "அக்கா, நீங்கள் ஓட்டல் சாப்பாட்டுக்கே எதிரி" என்று.

நானா? என் வாழ்க்கையில் முதன்முதலாக உயிரை விட்டு விரும்பிய சாப்பாடு என்ன தெரியுமா? பரோட்டா. அப்பாவுக்குப் பாடு, அதாவது வலையில் படுகிற மீன், நன்றாக இருந்த நாளில் மட்டும் மண்டபம் ஊர்க் கடையிலிருந்து பொட்டலம் வரும். வாழையிலை, அதற்கு மேல் பேப்பர், வெள்ளை நூல். சால்னா தனியாக. பொட்டலத்தைப் பிரிக்கும்போது அந்தச் சூட்டில் வதங்கிய இலை வாசனை இருக்கிறதே, அதற்காகவே கடைசியில் இலையைக் கிழித்துக்கூட மென்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் பாடு நல்லா இருந்தா பரோட்டா, பாடு இல்லைன்னா மீன். மீன்காரன் வீட்டுப் பிள்ளைக்கு மீன் குழம்பு என்றால் "அப்பாவுக்கு இன்றைக்கு ஒன்றும் படவில்லை" என்று அர்த்தம். அம்மா சட்டியைத் திறந்ததும் நாங்கள் முகத்தைச் சுளிப்போம். அம்மாவின் முகத்தை அப்போது நான் பார்த்ததே இல்லை.

எங்கள் அப்பத்தா தனுஷ்கோடியில் வாழ்ந்தவர். 1964 டிசம்பர் புயலில் எல்லாம் போய், உடுத்திய துணியோடு இந்தப் பக்கம் வந்தவர். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் மீனைத் தொடவில்லை என்பார்கள். கம்பங்கூழும் வெங்காயமும்தான். பிறகு ஒருநாள் தானாகவே கருவாட்டைச் சுட்டுக் கூழுக்குத் தொட்டுக்கொண்டாராம். அப்பத்தா கையால் அந்தக் கூழும் சுட்ட கருவாடும் என் பதினைந்து வயதில் பரோட்டாவைத் தோற்கடித்தது. இன்றைக்கும் அதுதான் எனக்கு முதல் இடம். ஆனால் டாக்டர் பிரஷருக்குக் கருவாடு கூடாது என்கிறார், மகள் கருவாட்டு டப்பாவை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். எங்கே என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது எனக்குத் தெரியும் என்று. அவள் இந்தப் பதிவைப் படிப்பாள், சரி, வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம் பிரசவம். தலைப்பிள்ளை பிறந்தபோது நாற்பது நாளும் காரல். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வெள்ளையாக ஒரு சாறு. பால் ஊறும் என்று நம்பிக்கை. ஊறியதோ இல்லையோ, அம்மா தினமும் கரைக்குப் போய் அந்த விரல் நீள மீனைப் பொறுக்கி எடுத்து வந்தார். இதை எந்தக் கடையில் எந்தத் தட்டில் வைத்து எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?

அடுத்த ஆட்சேபம், கொஞ்சம் நியாயமானது. ஒரு தங்கை நேற்றே இன்பாக்ஸில் எழுதிவிட்டாள். "வீட்டுச் சாப்பாடு புராணம் பாடிப் பாடித்தானே பெண்களை அடுப்படியில் கட்டிப்போட்டார்கள்?" ஆமாம் தாயி. ஒத்துக்கொள்கிறேன். நானும் அந்த அடுப்படியில்தான் நின்றேன். மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தவள் நான். காலை நாலரைக்கு எழுந்து காலைக்கும் மத்தியானத்துக்கும் சேர்த்துச் சமைத்து, ராத்திரி வந்து மீனை ஆய்ந்தவள். கையில் அடிக்கிற கவுச்சி போக எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

ஒரு ரகசியமும் சொல்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சம்பளம் வந்த கையோடு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் தனியாகப் போய் உட்காருவேன். இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காப்பி. பிரமாதமான இட்லி ஒன்றும் இல்லை. ஆனால் யாரோ சுட்டு, யாரோ கொண்டுவந்து வைத்து, யாரோ தட்டை எடுத்துப் போவார்கள். அந்த இருபது நிமிடம் "நாளைக்கு என்ன குழம்பு?" என்று என்னிடம் யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் "ஏன், வீட்டில் இட்லி இல்லையா?" என்பார்கள்.

அதனால் கடைக்குப் போகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். போங்கள். தினமும் போங்கள். கடைச் சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும் என்று வருகிறவர்களிடமும் எனக்குப் பேச்சில்லை, என் குழம்பிலும் சில நாள் உப்பு அதிகம்தான்.

அப்புறம் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். இருங்கள், சொல்கிறேன்.

அந்தக் காணொளிக்குக் கீழே ஒரு கருத்து. "100% உண்மை ப்ரோ. எங்க வீட்டுக் கதையும் இதேதான்." பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை இரண்டு. எழுதியவன் என் அக்கா மகன்.

பெயர் சொல்லமாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். பத்தாவதிலிருந்து ப்ளஸ் டூ முடியும் வரை மூன்று வருடம் என் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளை. அவனுக்குச் சூடை பிடிக்காது, முள்ளுக்குப் பயம். பதினைந்து வயதுப் பையனுக்கு, வேலை முடிந்து வந்த அலுப்போடு பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மீனாக முள்ளை உருவித் தட்டில் வைத்திருக்கிறேன். "சித்தி, அந்தத் துண்டுல பாத்தியா?" என்று சந்தேகம் வேறு கேட்பான். என் பிள்ளைகளுக்கே அப்படிச் செய்ததில்லை, அதற்கு என் மகள் இன்றைக்கும் குத்திக் காட்டுகிறாள்.

"அவன் வீட்டுக் கதை" என்றால் எந்த வீடு? அவன் அம்மா வீடா, என் வீடா? போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் வீடு என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

விளையாட்டுக்குப் போட்டிருப்பான், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்கிறார் என் வீட்டுக்காரர். முப்பது வருடமாக நான் வைத்த குழம்பைப் பற்றி "ம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். அவரும் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, "அந்தக் கடை எங்க இருக்கு? பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார். பதினோரு பேரில் அவரும் ஒருவர்.

அவரையும் கூட்டிக்கொண்டு நானே ஒருநாள் போகலாம் என்று இருக்கிறேன். கேலி இல்லை. ஐம்பத்தாறு வயதாகிறது, அந்தக் கனத்தில் ஒரு சீலாத் துண்டை நான் சாப்பிட்டதே இல்லை. அப்பா எத்தனை சீலாவைப் பிடித்திருப்பார். ஒரு துண்டாவது அவர் வாயில் பட்டிருக்குமா என்று இந்தக் காணொளியைப் பார்க்கும்வரை எனக்கு யோசிக்கத் தோன்றியதில்லை. அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அம்மாவும் இல்லை.

சரி, நிறுத்துகிறேன். வாசலில் மீன்காரம்மா கூப்பிடுகிறார். நாட்டுப்படகு வந்திருக்கிறதாம், சூடை இருக்கிறதாம். பூனை எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டது. கமெண்டில் சண்டை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டிருங்கள், ஆய்ந்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து பதில் சொல்கிறேன்.

அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறானாம், அக்கா சொன்னாள். வரட்டும். சூடைதான் வைப்பேன். முள்ளை அவனே எடுத்துக்கொள்ளட்டும்.