இலை உதிரும் மாதமும் இன்டர்வியூ தேதியும்

எங்கள் வீட்டுக்கு வருடத்தில் ஒரே ஒரு விடுமுறைதான். அதைத் தருவது ரப்பர் மரம். இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் தை, மாசியில் பால் குறைந்துவிடும். அந்த நேரத்தில் சில வாரம் மரத்துக்கு ஓய்வு, பால்வெட்டு கிடையாது. மற்ற நாளெல்லாம் என் வீட்டுக்காரர் அதிகாலை மூன்று மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயில் ஏறும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அப்புறம் பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பார். மகள் அங்கன்வாடியிலிருந்து வரும்போது அவர் தூக்கத்தில் இருப்பார். "அப்பா என்ன பண்ணுவாரு மக்களே?" என்று யாராவது கேட்டால், "தூங்குவாரு" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

இந்த வருடம் இலை உதிரும்போது சென்னைக்குப் போவது என்று டிசம்பரிலேயே முடிவு செய்தோம். மைனி (வீட்டுக்காரரின் சகோதரி) வீடு அங்கே இருக்கிறது. மாமிக்குத் தன் மகள் வீட்டைப் பார்த்து நாலு வருடம் ஆகிவிட்டது. மகள் இதுவரை ராத்திரி ரயிலில் ஏறியதே இல்லை. முன்பு 120 நாள் முன்னால் டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது. சரியாக 60 நாள் எண்ணி, காலை எட்டு மணிக்கு போனும் கையுமாக உட்கார்ந்து அனந்தபுரி எக்ஸ்பிரஸில் நாலு பெர்த் பிடித்தேன். குழித்துறையில் ஏறலாம், எங்களுக்கு அதுதான் வசதி. அஞ்சு வயது முடிந்துவிட்டதால் மகளுக்கும் டிக்கெட் வேண்டும், பெர்த்தோடு என்றால் முழுக்கட்டணம். அதையும் கட்டினேன். ஜன்னலோரம் அவளுக்கென்று ஒரு இடம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அஞ்சு வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பும் வந்துவிடுகிறது. டவுனில் ஒரு தனியார் பள்ளியில் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்திருந்தோம். சொந்தக்காரர்கள் பாதிப்பேரின் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். ஜனவரி கடைசியில் அங்கிருந்து ஒரு மெசேஜ் வந்தது. இன்டர்வியூ சனிக்கிழமை, அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் கட்டாயம் வர வேண்டும். அந்தச் சனிக்கிழமை நாங்கள் சென்னையில் இருப்போம்.

போன் பண்ணினேன். ஒரு நாள் முன்னாலோ ஒரு வாரம் பின்னாலோ வரலாமா என்று கேட்டேன். முடியாதாம். வராவிட்டால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம். குரல் உயர்த்தாமல்தான் சொன்னார்கள். ஆனால் அதற்கு மேல் பேச இடமே தரவில்லை.

அடுத்த பத்து நாள் வீட்டில் நிம்மதி இல்லை. பயணத்தைத் தள்ளிப் போடலாம் என்றால் தளிர் முற்றியதும் வெட்டு தொடங்கிவிடும், ஜூனில் மழை. "நீங்க மூணு பேரும் போங்க, நான் இருந்து இன்டர்வியூவைப் பாத்துக்கிடுதேன்" என்றார் இவர். பிள்ளையும் அம்மாவும் இல்லாமல் இவரைத் தனியாக உள்ளே விடப் போவதில்லை என்பது அவருக்கே தெரியும். டிக்கெட்டை ரத்து செய்யலாம் என்று மாமியே சொன்னபோதுதான் எனக்குள் ஏதோ உடைந்தது. பேத்தியின் படிப்புக்கு என்று அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் 68 வயதில் மகளைப் பார்க்கப் போகும் ஒரே வாய்ப்பை அரை மணி நேர இன்டர்வியூவுக்காக விட்டுக்கொடுக்கும்படி அவரை நாங்கள் ஏன் வைத்தோம்?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 13-ஆம் பிரிவு, பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளையையோ பெற்றோரையோ எந்தத் தேர்வு முறைக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் எல்லாப் பள்ளிக்கும் இதைச் சொல்ல முடியாது. நாங்கள் விண்ணப்பித்தது சிறுபான்மைப் பள்ளி அல்ல. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு "அப்பா கட்டாயம் வர வேண்டும்" என்று ஒரு பள்ளி எப்படிச் சொல்கிறது? எத்தனை வீட்டில் அப்பா வளைகுடாவில் இருக்கிறார்! தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. அவர்கள் பிள்ளைகள் எந்தச் சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்? மயிலாடியில் 1809-லேயே மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கிய மண் இது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம். பள்ளிக்கூடம் நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே வீடுகள் எப்படி ஓடுகின்றன என்பது பள்ளிக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

நான் நேராக எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போனேன். பயத்தோடுதான் போனேன். பிள்ளைகள் குறைவு, ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். அறுபது பிள்ளைகள் வரை அவ்வளவுதான் கணக்கு. இது சின்னக் குறை இல்லை, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமும் இல்லை. தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். அவர் என்னை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிட்டார். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரை உள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கு ஏற்றபடி பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு சின்னப் பையன் கதை அட்டையை எனக்கு வாசித்துக் காட்டினான். தடுமாறினான், ஆனால் பயப்படவில்லை. காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ அங்கேயே உண்டு. சேர்க்கை மார்ச்சில் தொடங்கும், எந்த நாளும் வரலாம் என்றார். ஊருக்குப் போய்விட்டு வருகிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "போயிட்டு வாங்க, ரயில்ல போர்டு எல்லாம் வாசிக்கச் சொல்லுங்க" என்றார். அந்த இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆங்கிலம் என்னாகும் என்று கேட்டவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். நான் எடுத்தது ஒன்றாம் வகுப்புக்கான முடிவு. நாளைக்கு மாற்ற வேண்டும் என்று தோன்றினால் மாற்றுவேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தோம் என்றுதான் பார்க்கிறார்கள். அஞ்சு வயதுப் பிள்ளையின் ஆயுளே அந்தச் சனிக்கிழமையில் இருப்பது போல நம்மை நாமே விரட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

போனோம். செங்கல்பட்டு தாண்டி விடிந்தபோது மகள் அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தாள். "தா... ம்... ப... ர... ம்" என்று கூட்டிக் கூட்டி வாசித்தாள். இவர் ஒவ்வொரு எழுத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பத்து நாளும் பகலில் விழித்திருக்கும் அப்பா அவளுக்குக் கிடைத்தார். மாமியும் மைனியும் முதல் ராத்திரி தூங்கவே இல்லை, பேச்சுதான். அடுத்த வருடம் இலை உதிரும்போது பள்ளி நடந்துகொண்டிருக்கும். இப்படிப் பத்து நாள் இனிக் கிடைக்காது.

தனியார் பள்ளி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றைக் கேட்கிறேன். பெற்றோரைப் பார்த்துப் பேச வேண்டும் என்றால் மூன்று நாலு தேதி கொடுங்கள், டிசம்பரிலேயே சொல்லுங்கள். வெளிநாட்டிலோ கடலிலோ இருக்கும் அப்பாவுக்காகத் தாத்தாவோ மாமாவோ வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மார்ச் முதல் வாரம் மகளைச் சேர்த்துவிட்டோம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. காலையில் நான் கொண்டு விடுவேன். மாலையில் கூட்டி வருவது தன் வேலை, அதற்குள் எழுந்துவிடுவேன் என்று அவள் அப்பா இப்போதே சொல்லிவிட்டார்.