அண்டி ஆபீஸ் சீட்டும் எங்கள் சிஸ்டரும்

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மகன் ஒரு வரி போட்டிருந்தான். "கன்னியாஸ்திரிகள் சேவை செய்யட்டும், யாரு வேண்டாம்னு சொன்னா? போராட்டம், கேஸ்னு எதுக்குப் போறாங்க?" 2025 ஜூலை 25ஆம் தேதி சத்தீஸ்கரில் துர்க் ரயில் நிலையத்தில் கேரளத்துச் சிஸ்டர்கள் இரண்டு பேர் கைதான வாரம் அது. வேலைக்காக அவர்களோடு புறப்பட்ட பழங்குடிப் பெண்களை முன்வைத்து ஆள் கடத்தல் என்றும் மதமாற்றம் என்றும் வழக்குப் போட்டார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி பிலாஸ்பூரில் என்ஐஏ (தேசியப் புலனாய்வு முகமை) நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார்கள்.

தம்பி கெட்டவன் இல்லை. நான் பிரசவத்துக்குப் படுத்திருந்தபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவன். அதனால் சண்டை போட மனசில்லை. பதில் எழுதி எழுதி அழித்தேன். ஆனால் அந்த 'சேவை' என்ற சொல் மனசை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்து வாசியுங்கள்.

எங்கள் ஊர் கொல்லங்கோடு பக்கம். ரேஷன் தமிழ்நாட்டில், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி பாறசாலையில், கல்யாண சம்பந்தம் எல்லைக்கு இரண்டு பக்கமும். அம்மா இருபத்தாறு வருஷம் அண்டி ஆபீசுக்குப் போனாள். வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டுமென்றால், முந்திரி ஆலை. கொல்லத்தில் கூலி கூடியபோது அங்கிருந்த முதலாளிகள் பலர் எல்லை தாண்டி விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஆலை போட்டார்கள். இங்கே கூலி குறைவு, கேட்க ஆளும் இல்லை. கொட்டை உடைக்கிற பெண்களுக்குத் தோட்டு எண்ணெய் பட்டு விரல் கறுத்து வெந்துபோகும். அம்மா தோல் உரிக்கிற பிரிவு. காலை முதல் சாயங்காலம் வரை குனிந்தே இருக்க வேண்டும். கூலி கிலோ கணக்கில்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊர் மடத்துக்கு ஒரு சிஸ்டர் மாற்றலாகி வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விடுகிறேன். மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். என்னை 'மோளே' என்றுதான் கூப்பிடுவார். வாசகசாலைத் திண்ணையில் பெண்கள் குழுக் கூட்டம் நடக்கும்போது வந்து ஒரு ஓரமாக உட்கார்வார். முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார். "இந்த வாரம் எத்தனை கிலோ உரிச்சீங்க? எத்தனை கிலோன்னு எழுதியிருக்காங்க?"

ஒருத்திக்கும் பதில் தெரியவில்லை. அவர்கள் சொன்னதுதான் கிலோ, கொடுத்ததுதான் கூலி.

அடுத்த வாரம் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வந்தது. எழுதத் தெரியாதவர்கள் கோடு போட வேண்டும், நாளுக்கு ஒரு கோடு, கிலோவுக்கு ஒரு புள்ளி. அம்மா கோடு போடுவாள், நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதை எண்ணாக மாற்றுவேன். ஒரு வருஷம் கழித்து பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) சீட்டு வந்தபோது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அம்மா வேலை செய்த நாளில் மூன்றில் ஒரு பங்கு சீட்டில் இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான். சிலருக்குப் பெயரே தப்பு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். பிஎஃப் பென்ஷன் வேண்டுமென்றால் பத்து வருஷப் பணி கணக்கில் இருக்க வேண்டும். ஒழுங்காகப் பதிவு இல்லாமல் வருஷங்கள் விட்டுப்போனால் ஐம்பத்தெட்டு வயதில் பென்ஷன் இல்லை. நாள் கணக்கைத் தின்பது வயதான காலத்துச் சோற்றைத் தின்பது. இந்தக் கணக்கை எங்கள் ஊரில் முதலில் வாய்விட்டுச் சொன்னவர் அந்தச் சிஸ்டர்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு இன்றும் காதில் நிற்கிறது. "நான் பேச மாட்டேன். நீங்க பேசணும். நான் கூட நிப்பேன்." பதினேழு பெண்கள் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி அதிகாரியைப் பார்க்கப் போனார்கள். மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை விசாரணை வந்தது. எல்லாம் சரியாகவில்லை, பாதிக்குப் பாதி சரியானது. இரண்டு பெண்களுக்கு வேலை போனது. அந்த இரண்டு பேருக்காகச் சிஸ்டர் எத்தனையோ நாள் அழுதார். நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி, நீ 'போராட்டம்' என்கிறாயே, அது இதுதான். நாற்பது பக்க நோட்டு.

சிஸ்டர் கஞ்சி ஊற்றினால், மருந்து கட்டினால், பிள்ளைக்கு ஏபிசிடி சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் வருத்தமில்லை. 'இந்தக் கூலி ஏன் குறைகிறது' என்று கேட்டால்தான் அவருடைய மதம் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரிலும் அதே மாதிரிதான் நடந்தது. விசாரணை வந்த மறுவாரம் 'மதம் மாற்ற வந்திருக்கிறாள்' என்ற பேச்சு கிளம்பியது. அம்மாவிடம் ஒருவர் நேராகவே கேட்டார். அம்மா சொன்னாள், "எங்கிட்ட அவங்க கிலோ கணக்குதான் கேட்டாங்க. சாமி கணக்கு ஒண்ணும் கேட்கல."

சேவை செய்தால் கும்பிடு, நியாயம் கேட்டால் வழக்கு, அதற்கும் மேலே கத்தி. பெரும்பாவூருக்குப் பக்கத்தில் புல்லுவழி என்று ஓர் ஊர். அங்கே பிறந்த சிஸ்டர் ராணி மரியா மத்தியப் பிரதேசத்தில் உதய்நகர் என்ற இடத்தில் நிலமில்லாத கூலிகளைச் சேர்த்து, வட்டிக்காரர்களிடம் போகாமல் அரசுக் கடன் வாங்க வழி காட்டினார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். 1995 பிப்ரவரி 25, இந்தூருக்குப் போகும் பஸ்ஸில், பயணிகள் பார்த்திருக்கக் குத்திக் கொன்றார்கள். உடம்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். கூலிக்காகக் குத்திய சமந்தர் சிங்கை, பிறகு சிறையில் போய்ப் பார்த்து ராக்கி கட்டினார் ராணி மரியாவின் தங்கை சிஸ்டர் செல்மி பால். விடுதலையானதும் அவர் புல்லுவழி வீட்டுக்கே வந்தார். பெற்ற தாய் அவருடைய கைகளை முத்தமிட்டார். மகளைக் குத்திய கை. இதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நானாக இருந்தால் முடியுமா என்று தெரியவில்லை.

2017 நவம்பர் 4ஆம் தேதி இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, கொடுத்தார்கள். அந்த மாதம் முடியும்போது எங்கள் கடல் கொந்தளித்தது. ஒக்கி புயல்.

நீரோடியில் தொடங்கி இரையுமன்துறை வரை எட்டுக் கடற்கரை ஊர்கள். மண் தமிழ்நாடு, திருச்சபைக் கணக்கில் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகிறவர்கள், போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். நவம்பர் 30 காலையில் காற்று தூக்கி அடிக்கும்போது அவர்கள் எந்த எச்சரிக்கையும் போய்ச் சேராத தூரத்தில் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்காவின் தம்பி திரும்பவில்லை.

அரசு ஓர் எண் சொன்னது, ஊர் ஓர் எண் சொன்னது. அப்போது கடப்புறத்தில் சிஸ்டர்கள் என்ன செய்தார்கள் என்று நான் நேரில் பார்த்தேன். நோட்டு. திரும்பவும் அதே நோட்டு. வீடு வீடாகப் போய், எந்தப் படகு, யார் யார் ஏறினார்கள், கூலிக்கு ஏறிய வெளியூர்க்காரர் உண்டா என்று கேட்டு எழுதினார்கள். வெளியூர்ப் பையன்களின் பெயர் பங்குப் பதிவேட்டில் இருக்காது அல்லவா, அவர்கள் யாருடைய பட்டியலிலும் வராமல் போய்விடக் கூடாது என்று தேடித் தேடி எழுதினார்கள். டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கில் ஜனம் உட்கார்ந்தது. சிஸ்டர்களும் உட்கார்ந்தார்கள். அம்மாவும் பழைய அண்டி ஆபீஸ் கூட்டாளிகளும் புட்டும் பழமும் கட்டிக்கொண்டு போனார்கள்.

அம்மா அங்கே போனது சாதாரண விஷயமில்லை. அதைச் சொல்ல 1982க்குப் போக வேண்டும். மண்டைக்காட்டில் பகவதி கோயில் மாசிக் கொடை சமயத்தில் இந்துக்களுக்கும் கடப்புறத்துக் கிறிஸ்தவர்களுக்கும் கலவரம் வந்தது, மார்ச் 1ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து ஆறு பேர் செத்தார்கள். அம்மாவுக்கு அப்போது பதினெட்டு வயது. கடப்புறத்துப் பெண்கள் மீன் கூடையோடு எங்கள் பக்கம் வர முடியாமல் போனதையும், எங்கள் ஆட்கள் கடற்கரைச் சந்தைக்குத் தேங்காய் கொண்டுபோகப் பயந்ததையும் அவள் இப்போதும் சொல்வாள். குன்றக்குடி அடிகளார் ஊர் ஊராக வந்து இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். பெரியவர்கள் அப்படிப் பேசி முடித்தார்கள். ஆனால் இரண்டு வீட்டுப் பெண்களும் மறுபடி ஒருத்தி திண்ணையில் ஒருத்தி உட்கார எத்தனை வருஷம் பிடித்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் ஊரில் அது வாசகசாலைத் திண்ணையில், நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தது. மத நல்லிணக்கம் என்று பேனர் எதுவும் கட்டவில்லை. மீன் விற்கிற அக்காக்களுக்குக் கந்துவட்டி, அண்டி உரிக்கிறவர்களுக்கு நாள் கணக்கு, தேங்காப்பட்டணத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்ட பாத்திமா மாமிக்கு விதவைப் பென்ஷன். ஒருத்தி மனுவில் இன்னொருத்தி சாட்சிக் கையெழுத்து.

வெங்கஞ்சிக் கோயில் தூக்க நேர்ச்சைக்கு, பிள்ளையை மரத்தில் உயரத் தூக்கிச் சுற்றும் வேண்டுதல் அது, என் கடைசித் தம்பியைக் கொண்டுபோனபோது சிஸ்டரும் வந்தார். தூக்க மரம் உயரே போகும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சிஸ்டர் எங்கள் செருப்பையும் பையையும் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றார். பிள்ளை கீழே இறங்கியதும் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவர் அவர்தான். சாமி கும்பிடவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. எனக்கு மத நல்லிணக்கம் என்றால் இன்றுவரை அந்தக் காட்சிதான்.

சபையைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இல்லை. 'இந்துப் பெண்களுக்காக ஏன் இவ்வளவு அலைகிறீர்கள்' என்று எங்கள் சிஸ்டரை மடத்துக்குள்ளேயே கேட்டிருக்கிறார்கள். இது பழைய கதை. 1984இல் சிஸ்டர் ஆலிஸ் கோழிக்கோட்டில் மீனவர்களுக்காக உண்ணாவிரதம் இருந்தார். மழைக்காலத்தில், மீன் குஞ்சு பொரிக்கும் நேரத்தில், விசைப்படகுகள் மடி (இழுவலை) போட்டு வாரக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. 'சிஸ்டர் ரோட்டில் உட்காரலாமா' என்று முகம் சுளித்தவர்களில் சபைக்காரர்களும் உண்டு. 1988இல் கேரளத்தில் மழைக்காலத் தடை வந்தது. இன்றைக்கு அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அவர் இருந்த மெடிக்கல் மிஷன் சிஸ்டர்கள் சபையின் கதையும் அப்படித்தான். கன்னியாஸ்திரி பிரசவம் பார்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் தடுத்த காலத்தில், 1925இல், அன்னா டெங்கல் என்ற டாக்டர் அதைத் தொடங்கினார். 1936இல்தான் தடை நீங்கியது. 2018 செப்டம்பரில் கொச்சியில் ஐந்து சிஸ்டர்கள், ஓர் ஆயர் மேல் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்த தங்கள் கூட்டாளிக்காகத் தெருவில் உட்கார்ந்தபோதும் ஆதரவாக நின்றவர்களைவிடக் கண்டித்தவர்கள்தான் சபைக்குள் அதிகம் கேட்டார்கள். அந்த வழக்கில் 2022இல் விசாரணை நீதிமன்றம் ஆயரை விடுவித்தது. ஆனால் அந்த ஐவர் பட்ட தனிமை உண்மை. ரோம் ஆயர் மாமன்றத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்ததே 2023இல்தான். வெளியே 'மதம்' என்று சந்தேகம், உள்ளே 'அடங்கி இரு' என்ற கட்டளை. இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் எங்கள் சிஸ்டர் கிலோ கணக்கு கேட்டார்.

கண்ணூர் கோளயாட்டில் பிறந்த சிஸ்டர் லூசி குரியன் புனேயில் இருந்தபோது, கர்ப்பிணி ஒருத்தி வந்து 'இன்றைக்கு ராத்திரி தங்க இடம் கொடுங்கள், புருஷன் கொன்றுவிடுவான்' என்றாள். முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. நாளைக்கு வா, ஏற்பாடு செய்கிறேன் என்று அனுப்பினார். அன்று ராத்திரியே புருஷன் தீ வைத்தான். தாயும் வயிற்றுப் பிள்ளையும் பிழைக்கவில்லை. 1997இல் அவர் வடு கிராமத்தில் 'மாஹேர்', மராத்தியில் தாய்வீடு, தொடங்கினார். எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் ராத்திரியிலும் கதவு திறக்கும் வீடு. எல்லா மதப் பண்டிகையும் அங்கே உண்டு. 'நாளைக்கு வா' என்று அனுப்பும் அதிகாரிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்காக வாழ்நாள் முழுக்க வேலை செய்த ஒருவரை இவரிடம்தான் பார்த்தேன்.

எங்கள் சிஸ்டர் இப்போது வடக்கே ஒரு பழங்குடி ஊரில் இருக்கிறார். துர்க் செய்தி டிவியில் வந்த அன்று அம்மா படத்துக்குக் கிட்டே போய் முகத்தைப் பார்த்தாள். அவர் இல்லை என்று தெரிந்தும் நம்பவில்லை. போன் போடச் சொன்னாள். சிக்னல் கிடைக்க இரண்டு நாள் ஆனது. "மக்களே, அவங்க குரலக் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்று உட்கார்ந்திருந்தாள்.

தம்பி, உனக்கு ஒன்று தெரியாது. உன் அம்மா சொல்லியிருக்க மாட்டாள். நோட்டைப் பையில் வைத்து பஸ் ஏறிய அந்தப் பதினேழு பேரில் சித்தியும் உண்டு. வேலை போன இரண்டு பேரில் ஒருத்தி அவள்தான். மாதா மாதம் அவளுக்கு வருகிற பிஎஃப் பென்ஷன், ஆயிரத்துச் சொச்சம்தான், அந்தக் கோடும் புள்ளியும் வாங்கிக் கொடுத்தது. இன்றைக்கு ராத்திரி அவளிடம் கேள். பெட்டியில் அந்த நோட்டு இருக்கும், தூரப் போடுகிறவள் இல்லை அவள்.

மற்றவர்களுக்கு: இரண்டாம் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நாலு மணிக்கு வாசகசாலைத் திண்ணையில் நான் உட்காருகிறேன். ஆலையில் வேலை செய்த யாருக்காவது பிஎஃப் சீட்டில் நாள் குறைந்திருந்தால், ஆதாரில் ஒரு பெயரும் சீட்டில் ஒரு பெயருமாக இருந்தால், கொண்டுவாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் கூட வந்தால் உதவியாக இருக்கும். நோட்டு நான் வாங்கி வைத்திருக்கிறேன்.