காது மந்தத்தையும் கவனியுங்கள்

முதுமையில் நடமாட்டம் குறைவதால் வரும் மனச்சோர்வை விரிவாகச் சொன்ன ஒரு கட்டுரையைப் படித்தேன். பெரியவர்களை மனச்சோர்வில் தள்ளக்கூடிய காது மந்தத்தை அது ஒரே வரியில் கடந்துவிட்டது. பெரியவர் பேச்சைக் குறைத்து ஒதுங்கினால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்ஸ் போட்டால் அழுக்கு இன்னும் உள்ளே போகும்.

வாங்கிய காது கேட்கும் கருவி பெட்டியிலேயே கிடக்கிறதா? பல வீடுகளில் காரணம் சின்னதுதான்: முனையில் அழுக்கு அடைத்திருக்கும், அல்லது நடுங்கும் விரல்களால் அந்தக் குட்டி பேட்டரியை மாற்ற முடியாது. விரல் நடுங்குபவர்களுக்கு சார்ஜ் செய்யும் வகையே தோது. முதலில் அமைதியான அறையில் தினம் ஓரிரு மணி நேரம் போட்டுப் பழகட்டும். எடுத்தவுடன் கூட்டத்துக்குள் போனால் இரைச்சல் தாங்காமல் கழற்றிவிடுவார்கள். தயவுசெய்து கத்தாதீர்கள், சொல் சிதையும். முகத்தில் வெளிச்சம் பட, எதிரே நின்று நிதானமாகப் பேசுங்கள். இதற்குப் பிறகும் 2 வாரம் தூக்கமோ பசியோ ஆர்வமோ திரும்பாவிட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.