விதை கொட்டிய பிறகு எதற்கு நோட்டீஸ்?

நேற்று சாயங்காலம் நகராட்சிக்காரர்கள் என் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டை ஒட்டிய என் காலி மனையில் களை முழங்காலுக்கு மேல் வளர்ந்துவிட்டதாம். 15 நாளுக்குள் அறுக்காவிட்டால் அவர்களே ஆள் விட்டு அறுத்து, கூலியையும் அபராதத்தையும் வீட்டு வரியில் ஏற்றிவிடுவார்களாம்.

வயிறு எரிகிறது. மூன்று மாதமாக இந்தக் களைக்காக அவர்கள் வாசலில் போய் நின்றவன் நான்!

பக்கத்து மனைக்காரர் எங்கேயோ இருக்கிறார், மண்ணை வந்து பார்த்தே வருஷக்கணக்காகிறது. அங்கே பார்த்தீனியம் என்கிற களை கணுக்கால் உயரம் இருந்தபோதே மனு கொடுத்தேன். "விதிப்படி முழங்கால் உயரம் இன்னும் வரலை, வந்ததும் பார்க்கிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அது வளரட்டும் என்று காத்திருப்பதற்கு ஒரு விதியா? அந்தச் செடி முளைத்த ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 விதைக்கு மேல் கொட்டும். ஒரு செடி! அவர்கள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது பக்கத்து மனை முழுக்க வெள்ளைப் பூ. அப்புறம் மெஷினை விட்டு அறுத்தார்கள். முற்றிய செடியை அறுத்தால் விதை எங்கே போகும்? வேலி தாண்டி என் மனைக்கு வந்தது. அடிக்கட்டையிலிருந்து பக்கக் கிளை விட்டு அங்கேயும் மறுபடி பூத்தது. நான் பிடுங்கப் பிடுங்க முளைத்தது. கடைசியில் நோட்டீஸ் எனக்கு.

களை விதை ஒரு பருவத்தோடு செத்துப்போகும் என்று நினைத்துத்தான் இந்த விதியை எழுதினார்களா? 1879-ல் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் களை விதைகளை மணலில் கலந்து புட்டிகளில் போட்டு மண்ணுக்குள் புதைத்தார். அதில் ஒரு புட்டியை 2021-ல் தோண்டி எடுத்து விதைத்தார்கள். 142 வருஷம் கழித்தும் முளை வந்தது. எல்லாக் களையும் அவ்வளவு காலம் தாங்காதுதான். ஆனால் ஒரு தடவை விதை விழவிட்டால் அந்த மண்ணோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும் என்பது மண்வெட்டி பிடித்த எவருக்கும் தெரியும்.

உயரமாம், உயரம். நெருஞ்சி தரையோடு தரையாகப் படரும். அது எந்தக் காலத்தில் முழங்காலைத் தொடும்? நடக்கிறவர் காலையும் சைக்கிள் டயரையும் குத்திக் கிழித்தாலும் விதிப்படி அது களையே இல்லை. கோரையை மேலே எத்தனை தடவை அறுத்தாலும் மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு மறுபடி தளிர்க்கும். ஆனால் அறுத்த அன்று போட்டோ எடுத்துக் காட்டினால் போதும், ஃபைலை மூடிவிடுவார்கள்.

என் அம்மாவுக்குப் பார்த்தீனியம் பூக்கிற மாதங்களில் கழுத்தும் முன்கையும் தடித்துச் சிவந்துவிடும். ராத்திரி தூங்கவே மாட்டார், சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். அந்த மாதங்களில் மனை இருக்கிற பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. "உயரம் போதாது" என்று சொன்னவரிடம் இதையும் சொன்னேன். மனுவில் சீல் குத்திக் கொடுத்தார், அவ்வளவுதான்.

உயரத்தை எடுத்துவிட்டு, "பூக்கும் முன் வேரோடு பிடுங்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள். மழை பெய்து மண் இளகியிருக்கிற சமயத்தில் நோட்டீஸ் கொடுங்கள். கையுறை போட்ட இரண்டு பேர் ஒரே காலையில் பிடுங்கிப் போடுவார்கள். எந்த மனையிலிருந்து பரவியது என்று பார்த்து அந்த மனைக்காரரிடம் வசூலியுங்கள். உங்கள் சாலையோரத்திலும் அதே செடி இடுப்பளவு நிற்கிறதே, அதற்கு யார் கேட்டில் ஒட்டுவது?

என் மனையை நான் சுத்தம் பண்ணிவிடுவேன், 15 நாள்கூட வேண்டாம். பக்கத்து மனையில் மறுபடி முளை விட்டிருக்கிறது, இப்போது நாலு இலை. இன்று காலையே போட்டோவோடு மனு கொடுத்துவிட்டேன். இன்னும் ஒரு மாதத்தில் அது பூத்துவிடும்.