உரத்தால் நெல் குட்டையானதா? சுற்றும் செய்தி தவறு

"ரசாயன உரம் போட்டுப் போட்டுத்தான் நெல் குட்டையாகிவிட்டது, உரத்தை நிறுத்தினால் பழையபடி ஆளுயரம் வளரும்" என்றொரு செய்தி, மாப்பிள்ளைச் சம்பா வயல் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மாப்பிள்ளைச் சம்பா நெட்டை ரகம்தான், சரி. ஆனால் சொல்லும் காரணம் தவறு.

யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் நெல் உயரவே செய்யும். நெட்டை ரகத்துக்கு யூரியாவை அள்ளிப் போட்டால், கதிர் முற்றுமுன்பே பயிர் சாய்ந்து படுத்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், இந்தோனேசியாவின் நெட்டை ரகமான பீட்டாவோடு தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னைக் கலந்து 1966இல் ஐ.ஆர். 8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. அந்தத் தைவான் நெல்லில் ஒரு மரபணு இயற்கையாகவே பழுதானது. அதனால் தண்டை நீளவைக்கும் ஜிப்ரெலின் ஹார்மோன் குறைவாகச் சுரக்கிறது. குட்டைத்தனம் விதையில் இருக்கிறது, உர மூட்டையில் இல்லை.

பயிரின் வளர்ச்சியில் சூழலுக்கும் பங்கு உண்டுதான். ஒரே ரகத்தை நெருக்கி நட்டால் தூர் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டுகள்) குறையும், இடைவெளி விட்டால் நன்றாகத் தூர் கட்டும்.

ஐ.ஆர். 8 கதையை அந்த நிலையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இல்லையா, மாப்பிள்ளைச் சம்பா, ஐ.ஆர். 8 இரண்டையும் உரமில்லாமல் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நட்டுப் பாருங்கள். அந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.